நடுச்சுவர் யாருக்குச் சொந்தம்?



இந்த இதழின் விஞ்ஞானப் பக்கத்தில் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்ற பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது தலையிடி தருகிற பாடம். பெயரே வாயில் நுழையாது. ஆனால் நமது லயம், நமது அடுப்பு, நமது மலையிலே போடுகிற உரம் என்று எல்லாவற்றிலும் இந்தப் பாடம் இருக்கிறது. ஆகவே பெற்றோரும் கூட இருந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு நாள் மாலை வகுப்பு முடிகிற நேரம், மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மலையிலிருந்து நேராக வந்திருந்தார், தலைத்துணிகூட அவிழ்க்கவில்லை. "புள்ள ராத்திரியெல்லாம் பங்கீட்டு வலு, பங்கீட்டு வலுன்னு மனப்பாடம் பண்ணுதுங்க சேர். எதைங்க பங்கு போடுறாங்க? யாருக்கும் யாருக்கும் பங்கு?" என்று கேட்டார். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தும் ஒருவரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அதற்கு முந்திய வருடங்களில் நாங்கள் இதை "அணுக்கள் கைகோர்த்து நிற்கின்றன" என்று படிப்பித்தோம். அது பிழையாகப் போனது. ஒரு பிள்ளை விடைத்தாளில் "காபனுக்கு நான்கு கைகள் உண்டு" என்று எழுதி, படமும் கீறி வைத்தது. குற்றம் பிள்ளையில் இல்லை. அதனால் கையை விட்டுவிட்டு, அந்தத் தாய்க்கு விளங்குகிற மாதிரி வேறொன்றைத் தேடினோம். அது கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

லயத்துக் காம்பறாவை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு காம்பறா கட்ட நான்கு சுவர் வேண்டும். தள்ளித் தள்ளி இரண்டு காம்பறா கட்டினால் எட்டுச் சுவர். ஆனால் லயத்தில் இரண்டையும் ஒட்டிக் கட்டும்போது ஏழு சுவர்தான் எழுப்புகிறார்கள். இந்த வீட்டுக்காரரைக் கேட்டால் தனக்கு நான்கு சுவர் இருக்கிறது என்பார். அடுத்த வீட்டுக்காரரும் தனக்கு நான்கு என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுச்சுவரை இரண்டு பேரும் தம்முடைய கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அணுக்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. அங்கே சுவருக்குப் பதில் இலத்திரன்.

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் நேர் ஏற்றமுள்ள கரு ஒன்று உண்டு. அதைச் சுற்றி மறை ஏற்றமுள்ள இலத்திரன்கள் ஓடு ஓடாக இருக்கின்றன. முதல் ஓட்டில் இரண்டு இலத்திரன்களுக்கு மேல் கொள்ளாது. நாம் இங்கே பார்க்கப்போகிற அணுக்களில் வெளி ஓட்டுக்கு எட்டு இருந்தால் நிறைவு. நியோன், ஆகன் போன்ற விழுமிய வாயுக்களுக்குப் பிறப்பிலேயே அந்த எட்டு இருக்கிறது. ஆகவே அவை யாரோடும் சேராமல் தனித்தே இருக்கின்றன. மற்றவைக்குக் குறை உண்டு. வெளி ஓட்டில் ஐதரசனுக்கு 1 இலத்திரன், காபனுக்கு 4, நைதரசனுக்கு 5, ஒட்சிசனுக்கு 6, குளோரீனுக்கு 7. இந்த ஐந்து எண்களை மட்டும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் போதும். மீதியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம்.

இரண்டு குளோரீன் அணுக்களை எடுப்போம். இரண்டுக்கும் சேர்த்து இருப்பது 7உம் 7உம், மொத்தம் 14. ஆளுக்கு எட்டு என்றால் வேண்டியது 16. இரண்டு குறைகிறது. அப்படியானால் இரண்டு இலத்திரன்கள், அதாவது ஒரு சோடி, நடுச்சுவர் மாதிரி இரு பக்கக் கணக்கிலும் வர வேண்டும். அந்தச் சோடியில் ஒன்று இவர் கொடுத்தது, மற்றது அவர் கொடுத்தது. இப்படிப் பொதுவில் வைத்த ஒரு சோடி இலத்திரன்தான் ஓர் ஒற்றைப் பங்கீட்டு வலுப் பிணைப்பு. ஐதரசன் சின்ன அணு, அதற்கு முதல் ஓடு மட்டும்தான், இரண்டு கிடைத்தாலே நிறைவு. இரண்டு ஐதரசன் அணுக்களிடம் இருப்பது 2, வேண்டியது 4, பங்கிடுவது 2. அங்கேயும் ஒரு சோடி.

கறியுப்பு இந்தக் கணக்கில் வராது. அதில் சோடியம் தன் ஒரு இலத்திரனைக் குளோரீனுக்கு அப்படியே கொடுத்துவிடுகிறது. அது கொடுக்கல் வாங்கல், பங்கு இல்லை. அதற்கு அயன் பிணைப்பு என்று பெயர். பரீட்சையில் உப்பைக் கொடுத்துப் பிள்ளைகளை மடக்குவது வழக்கம், கவனமாக இருக்கவும்.

இனி அந்தத் தாயின் அடுத்த கேள்வி: "சரிங்க, பங்கு போட்டா ஏன் ஒட்டிக்கிது?" இங்கேதான் சுவர் உவமை கைவிடுகிறது. சுவர் இரண்டு குடும்பத்தையும் பிரித்து வைக்கிறது. இலத்திரன் சோடியோ சேர்த்து வைக்கிறது. இரண்டு கருக்களும் நேர் ஏற்றம், ஒன்றையொன்று தள்ளும். நடுவில் நிற்கிற சோடி மறை ஏற்றம். இந்தக் கரு அதைத் தன் பக்கம் இழுக்கிறது, அந்தக் கருவும் தன் பக்கம் இழுக்கிறது. இரண்டு இழுவைக்கும் நடுவில் அந்தச் சோடி இருக்கும்வரை கருக்கள் விலக முடியாது. மிக நெருங்கவும் முடியாது, நெருங்கினால் தள்ளுவிசை கூடிவிடும். இழுவையும் தள்ளலும் சமப்படுகிற தூரத்தில் நின்றுகொள்கின்றன. ஐதரசன் மூலக்கூறில் அந்தத் தூரம் 74 பிக்கோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் இப்படிப்பட்ட தூரம் ஒரு கோடிக்கு மேல் வரிசையாக அடங்கும்.

இலத்திரன் சோடிதான் பிணைப்பு என்று 1916ஆம் ஆண்டு எழுதியவர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த கில்பேர்ட் லூயிஸ். பிள்ளைகள் கீறுகிற புள்ளிப் படம் அவர் கொடுத்தது. ஆனால் பங்கிட்டால் சக்தி ஏன் குறைகிறது என்பதை அவரால் கணக்கில் காட்ட முடியவில்லை. 1927இல்தான் ஹைற்லர், லண்டன் என்ற இருவர் ஐதரசன் மூலக்கூறை வைத்து அதைக் கணித்துக் காட்டினார்கள். பெரிய விஞ்ஞானிகளுக்கே பதினொரு வருடம் பிடித்த விஷயம். ஒரு தவணையில் விளங்கவில்லை என்று எங்கள் பிள்ளைகள் மனம் உடையத் தேவையில்லை.

இப்போது பீலித் தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஒட்சிசனும் இரண்டு ஐதரசனும். இருப்பது 6, 1, 1, மொத்தம் 8. வேண்டியது 8, 2, 2, மொத்தம் 12. பங்கிடுவது 4, அதாவது இரண்டு சோடி. ஒவ்வோர் ஐதரசனோடும் ஒரு சோடி. ஒட்சிசனிடம் இன்னும் நான்கு இலத்திரன்கள் பங்கிடாமல் இருக்கின்றன. அவை இரண்டு தனிச்சோடிகள். புள்ளிப் படத்தில் இந்தத் தனிச்சோடிகளைப் போட மறந்து புள்ளியை இழக்கிற பிள்ளைகள் அதிகம். படம் கீறி முடித்ததும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். இருந்த எட்டும் படத்தில் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஒரு கேள்வி. கேத்தலில் தண்ணீர் கொதித்து ஆவி வருகிறதே, அப்போது இந்தப் பிணைப்பு உடைகிறதா? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ஆம்" என்கிறார்கள். இல்லை. ஆவியிலும் அதே இரண்டு ஐதரசன், ஒரு ஒட்சிசன்தான். பிணைப்பு உடைந்தால் மேலே போவது ஐதரசனும் ஒட்சிசனும், அடுப்புப் பக்கத்தில் அது வெடித்திருக்கும். கொதிக்கும்போது விலகுவது ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் இடையிலுள்ள மெல்லிய கவர்ச்சி மட்டுமே. லயத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள பாதை அறுந்தது, காம்பறா இடியவில்லை. ஊவாத் தேயிலை வாசமும் இப்படித்தான் மூக்குக்கு வருகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று அடிக்கிறபோது எடுக்கிற கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று என்ற பொருள் கூடுகிறது. அதுவும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் ஆனது. தசை வலிக்குப் பூசுகிற விண்டர்கிரீன் எண்ணெயில் மணப்பதும் அதே பொருள்தான். உலகம் விலை கொடுத்து வாங்குகிற ஊவா வாசத்துக்கும் நமது முழங்கால் எண்ணெய்க்கும் இப்படி ஒரு உறவு!

அமோனியாவை விரைவாகப் பார்த்துவிடுவோம். ஒரு நைதரசன், மூன்று ஐதரசன். இருப்பது 8, வேண்டியது 14, பங்கிடுவது 6. மூன்று சோடி, மூன்று ஐதரசனுக்கும் ஒவ்வொன்று. நைதரசனில் ஒரு தனிச்சோடி. மாட்டுச் சாணத்தை மூடி வைத்தால் வருகிற எரிவாயுவிலுள்ள மெதேனில் ஒரு காபனைச் சுற்றி நான்கு ஐதரசன். இருப்பது 8, வேண்டியது 16, பங்கிடுவது 8, நான்கு சோடி. தனிச்சோடி இல்லை.

இப்போது நாம் சுவாசிக்கிற காற்றுக்கு வருகிறோம். பாடத்தின் முக்கியமான இடம் இதுதான்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். அது இரண்டு இரண்டு அணுவாகச் சேர்ந்து இருக்கிறது. கணக்குப் போடுங்கள். இருப்பது 5உம் 5உம், பத்து. வேண்டியது 16. பங்கிடுவது 6. ஒரே இடத்தில் மூன்று சோடி! இது மும்மைப் பிணைப்பு. ஒட்சிசனில் இரண்டு சோடி, அது இரட்டைப் பிணைப்பு. எத்தனை சோடி என்பது வெறும் எண்ணிக்கை இல்லை. ஒரு மூல் ஐதரசனின் பிணைப்பை உடைக்க 436 கிலோயூல் சக்தி வேண்டும். ஒட்சிசனுக்கு 498. நைதரசனுக்கு 945.

இதற்கும் நமக்கும் என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடி, எட்டடி உயரமான ஒரு காம்பறாவை எடுத்துக்கொள்வோம். எல்ல மாதிரியான உயரத்தில் அதற்குள் இருக்கிற காற்றின் நிறை ஏறக்குறைய 29 கிலோ. அதில் நைதரசன் 22 கிலோ அளவில். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், ஆகவே ஐம்பது கிலோ மூட்டையில் 23 கிலோ. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் நம்பவில்லை. திரும்பப் போட்டார்கள், அதே விடைதான் வந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற ஒரு காம்பறாவின் காற்றிலே கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவின் நைதரசன் இருக்கிறது!

ஆனால் தேயிலைச் செடியால் அதில் ஒரு துளியைக்கூட எடுக்க முடியாது. மலை முழுக்க நைதரசனிலே மூழ்கி நிற்கிறது, அடியிலைகளோ நைதரசன் இல்லாமல் மஞ்சளடிக்கின்றன. காரணம் அந்த மூன்று சோடிதான். செடியின் வேர் அதை உடைக்காது. யாராவது உடைத்து, அமோனியம் ஆகவோ நைத்திரேற்று ஆகவோ மண்ணில் கொடுத்தால்தான் செடி எடுக்கும்.

உடைப்பவர்கள் யார்? மின்னல் கொஞ்சம் உடைக்கிறது. தொழிற்சாலையில் உடைக்கிறார்கள். ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்தில் வழி கண்டார், கார்ல் பொஷ் அதைப் பெரிதாக்கி, 1913இல் ஒப்பாவ் என்ற இடத்தில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இரும்பு ஊக்கி, 450 பாகை அளவு வெப்பம், சாதாரணக் காற்றமுக்கத்தைப் போல 200 மடங்கு அமுக்கம். இவ்வளவும் கொடுத்துத்தான் நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்குகிறார்கள். யூரியா அதிலிருந்து வருகிறது. அந்த வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் ஐதரசனுக்கும் எரிபொருள் வேண்டும். ஆகவேதான் எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறுகிறது.

இன்னொருவரும் இருக்கிறார். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிற முள்முருக்கைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் பக்ரீரியாக்கள். வெப்பமும் இல்லை, அமுக்கமும் இல்லை, சாதாரண மண்ணுக்குள்ளே ஒரு நொதியத்தைக் கொண்டு அந்த மூன்று சோடியையும் பிரிக்கின்றன. முள்முருக்கை வெட்டி இலையையும் கொப்பையும் தேயிலை அடியில் போடச் சொல்கிறார்களே, வெறும் குப்பைக்காக இல்லை. அதில் நைதரசன் இருக்கிறது. ஆனாலும் மாதத்துக்குப் பல முறை கொழுந்தெடுக்கிற மலைக்கு அது மட்டும் காணாது. ஒவ்வொரு கூடைக் கொழுந்தோடும் நைதரசன் மலையை விட்டு வெளியே போகிறது.

இதை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த வருடம் நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் நீங்கியதும் உரம் வந்து மலையில் விழவில்லை. விலை எட்டாத உயரம். 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அந்த நாட்களில் இருந்தது. ஆனால் உரமில்லாதது பெரிய காரணங்களில் ஒன்று என்பதை மலையில் நின்றவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்து குறைந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். இரண்டு நைதரசன் அணுவுக்கு நடுவிலுள்ள மூன்று சோடி இலத்திரன் கொழுந்து மடுவத்துத் தராசு வரை வந்து நின்றது.

கடைசியாக அடுப்படி. விறகிலுள்ள காபன் காற்றோட்டத்தோடு நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டு வரும். நடுவில் காபன், இரு பக்கமும் ஒட்சிசன். இருப்பது 16, வேண்டியது 24, பங்கிடுவது 8. பக்கத்துக்கு இரண்டு சோடி. காற்றுப் போதாமல் எரிந்தால் ஒரு காபனுக்கு ஓர் ஒட்சிசன்தான் கிடைக்கும். அது காபனோரொட்சைட்டு. இருப்பது 4உம் 6உம், பத்து. வேண்டியது 16. பங்கிடுவது 6, மூன்று சோடி. நைதரசனின் அதே கணக்கு! ஆனால் இங்கே மூன்று சோடியில் ஒரு சோடியை முழுக்க ஒட்சிசனே கொடுக்கிறது. காபனின் மறுபக்கத்தில் ஒரு தனிச்சோடி இருக்கிறது. அந்தத் தனிச்சோடிதான் ஆபத்து. அது நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினின் இரும்போடு போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஒட்சிசன் பிடிப்பதைவிட ஏறக்குறைய 200 மடங்கு பலமான பிடி. பிறகு ஒட்சிசனுக்கு அங்கே இடம் இல்லை.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணைக் கரிக்கும், ஆகவே எழும்பி ஓடுவோம். தணலில் புகை இல்லை, ஆகவே பயமில்லை என்று நினைக்கிறோம். மார்கழி, தைக் குளிரில் கரிச்சட்டியையோ தணலையோ உள்ளே வைத்து, கதவையும் ஜன்னலையும் அடைத்துப் படுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடுகளில் தாயையும் குழந்தையையும் அப்படிப் படுக்க வைக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போகும். அப்படித் தலை சுற்றினால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு. குளிருக்குக் கம்பளியும் சுடுதண்ணிப் போத்தலும் போதும். சமைக்கிற நேரத்திலும் அடுப்புப் பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. "வேண்டியதில் இருப்பதைக் கழித்தால் பங்கிடுவது" என்ற நமது கணக்கு இந்தச் சாதாரண மூலக்கூறுகளுக்குச் சரியாக வரும். எல்லாவற்றுக்கும் வராது. நைதரசன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று சேர்ந்த நைதரிக் ஒட்சைட்டுக்குப் போட்டுப் பாருங்கள், 5 என்று ஒற்றை எண் வரும், சோடியாகாது. அந்த மாதிரியானதை உயர்தரத்தில் படிப்பீர்கள்.

கீழே உள்ளவற்றை வீட்டில் செய்து, அடுத்த வகுப்புக்குக் கொப்பியோடு வரவும்.

ஐதரசன் குளோரைட்டுக்கு இருப்பது, வேண்டியது, பங்கிடுவது ஆகிய மூன்றையும் எழுதி, புள்ளிப் படம் கீறுக. தனிச்சோடிகள் எத்தனை?

ஒரு காபனும் நான்கு குளோரீனும் சேர்ந்த மூலக்கூறில் மொத்தம் எத்தனை புள்ளிகள் வர வேண்டும்?

இரண்டு காபன், இரண்டு ஐதரசன் சேர்ந்த அசற்றலீன் வாயு இரும்பு ஒட்டுகிறவர்களிடம் இருக்கும். அதில் இரண்டு காபனுக்கும் நடுவில் எத்தனை சோடி வருகிறது? (ஐதரசனுக்குப் போக மீதியை எண்ணவும்.)

உங்கள் வீட்டு அடுப்படியில் காற்று வருகிற வழி, புகை போகிற வழி இரண்டையும் காட்டி ஒரு படம் கீறி வரவும். இதை அம்மாவோடு சேர்ந்து செய்யவும்.